தணிகை மலையிலிருந்து தேரிக் காட்டுக்கு

தமிழ்நாட்டில் பாலைவனம் உண்டா?

பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தைக் கேட்டால், 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். நம் முன்னோர்களைக் கேட்டால் சற்று யோசித்துப் பதில் சொல்வார்கள். அவர்கள் வகுத்த ஐந்திணையில் பாலையும் உண்டு. ஆனால் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. மலையும் காடும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு கெட்டு வறண்டு நிற்கும்போது, அந்த நிலைக்குத்தான் பாலை என்று பெயர். கடற்கரை பாலையாகும் என்று அவர்களும் சொல்லவில்லை.

ஆனால் ஆகாயத்திலிருந்து பார்க்கும் கண் ஒன்று இருக்கிறதே, அது வேறு சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் பிரயாணம் செய்து, நேரில் பார்த்து வந்த கதையைத்தான் இங்கே எழுத உத்தேசம்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிக்கு அருகே, ஆந்திர தேசத்து எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் தமிழ் கேட்கும். அடுத்த வீட்டில் தெலுங்கு கேட்கும். எல்லா வீட்டிலும் தறியின் சப்தம் கேட்கும். ம. பொ. சிவஞானம் அவர்கள் முன்நின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாக, திருத்தணி வட்டாரம் 1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. அந்தக் காலத்து ஊர்வலங்களைச் சிறு பையனாக வேடிக்கை பார்த்தவர் என் பெரியப்பா. ஐம்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர்.

அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை. "சூரனை வதைத்த இடம் திருச்செந்தூர். அந்தக் கோபம் தணிந்த இடம் நம் தணிகை. கோபம் தணிந்த இடத்திலேயே ஆயுசு முழுதும் இருந்தாயிற்று. கோபம் மூண்ட இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?" என்பார். இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அதை முடித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. பெரியப்பா, காலேஜில் பூகோளம் படிக்கும் அவருடைய பேரன், நான் ஆகிய மூவரும் ஆனி மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம்.

ஆகாயத்தின் கண்

ரயிலில் பேரன் தன் கைப்பேசியை எடுத்துப் பெரியப்பாவிடம் ஒரு படத்தைக் காட்டினான். செயற்கைக்கோள் எடுத்த படம்.

"தாத்தா, இது நம்ம தமிழ்நாட்டின் தென்கோடி. இதோ கன்னியாகுமரி. இந்தப் பச்சை முதுகெலும்பு மேற்குத் தொடர்ச்சி மலை. அதிலிருந்து கிழக்கே ஓடுகிற பச்சை நாடா தாமிரபரணி. கடலோரத்தில் கட்டம் கட்டமாக வெள்ளையாகத் தெரிகிறதே, அவை தூத்துக்குடி உப்பளங்கள்."

"அது சரி. கடலுக்குப் பக்கத்தில் யார் இப்படிக் குங்குமத்தைக் கொட்டினார்கள்?" என்றார் பெரியப்பா.

அவர் விரல் வைத்த இடத்தில், நீலக் கடலுக்கும் பழுப்பு நிலத்துக்கும் நடுவே, ரத்தச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. திசையன்விளைப் பக்கம் சில திட்டு. சாத்தான்குளத்தை ஒட்டிச் சில. திருச்செந்தூருக்குத் தென்மேற்கே எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று. அதுதான் குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் பரப்பு என்று சொல்லுகிறார்கள். தேரி என்றால் மணல்மேடு. இவை சாதாரண மணல்மேடுகள் அல்ல; சில இடங்களில் கடல் மட்டத்துக்கு மேல் 50 மீட்டருக்கும் உயர்ந்து நிற்கும் செம்மணல் குன்றுகள்.

இந்தக் கண் நமக்குக் கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். 1984-ம் வருஷம் ஏப்ரலில் ராகேஷ் சர்மா ரஷ்யர்களின் விண்கலத்தில் சென்று, நம் தேசத்தை ஆகாயத்திலிருந்து படம் பிடித்தார். 1988 மார்ச்சில் நம்மவர்கள் தாங்களே அமைத்த, நடைமுறைப் பயனுக்கான முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள், ஐ.ஆர்.எஸ். 1-ஏ, சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது. அன்று முதல் நம் ஏரி, காடு, வயல், மணல் எல்லாவற்றையும் நம்முடைய கண்ணாலேயே மேலிருந்து பார்த்து வருகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்காகத் தயாரிக்கும் படங்களில், செடி கொடிகள்தான் சிவப்பாகத் தெரியும்! பயிர்கள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது வழக்கம். ஆகையால் அத்தகைய படத்தில் தாமிரபரணிக் கரையின் நெல்வயல் சிவப்பாகவும், சிவந்த தேரி மஞ்சளாகவும் வேஷம் மாறி நிற்கும். பேரன் அதையும் காட்டினான். "ஆகாயத்துக்குப் போனாலும் மனிதனுக்குச் சாயம் போடாமல் இருக்க முடியவில்லை பார்!" என்று பெரியப்பா சிரித்தார்.

கடலோரத்தில் பாலை ஏன்?

கடலுக்குப் பக்கத்தில் பாலைவனம் இருப்பது உலகத்தில் புதுமையல்ல. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் நமீப் பாலைவனம் இருக்கிறது. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் அட்டகாமா இருக்கிறது. அங்கெல்லாம் கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த நீரின் மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே படிந்துவிடும். மேலே எழும்பி மேகமாகி மழை பெய்யாது. மூடுபனி மட்டும் கரையேறி வரும். நமீப் பாலைவனத்தில் ஒருவகை வண்டு, மணல்மேட்டின் உச்சியில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரும்படி செய்து தாகம் தீர்த்துக்கொள்கிறதாம்!

ஆனால் நம் மன்னார் வளைகுடாவில் குளிர்ந்த நீரோட்டம் இல்லை. வெதுவெதுப்பான கடல். பின் ஏன் இந்தச் சிவப்புத் திட்டு?

முதல் காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை மலையாளக் கரைப் பக்கமே இறக்கி வைத்துக்கொள்கிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வெறுங்கையோடு வருகிறது. வெறுங்கையோடு மட்டுமா? ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அதற்கு இரண்டு வாசல்கள். அகன்ற ஆறு குறுகிய மதகில் பாயும்போது வேகம் கூடுவதுபோல், அந்த வாசல்களில் புகும் காற்றுக்கும் வேகம் கூடிவிடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இந்த வறண்ட காற்றுக்கு இந்தக் கடற்கரையில் கச்சான் என்று பெயர்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் இந்தச் சீமைக்கு உயிர். தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷத்து மழை சராசரியாகச் சுமார் 650 மில்லிமீட்டர். எங்கள் திருவள்ளூர் ஜில்லாவிலோ 1,000 மில்லிமீட்டருக்கு மேல். ஆனாலும் சாஸ்திரக் கணக்குப்படி 250 மில்லிமீட்டருக்குக் குறைந்தால்தான் பாலைவனம். ஆகவே தேரி உண்மையான பாலைவனம் ஆகாது. அது மணலால் ஆன பாலை. பெய்கிற மழையை ஒரு விநாடிகூட மேலே தங்கவிடாமல் விழுங்கிவிடும் மணல். இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சாயம் தோய்த்த மணல்

திருச்செந்தூரில் விடியற்காலையில் கடலாடி, அலை ஓசைக்கு நடுவே செந்திலாண்டவனைத் தரிசித்தோம். கடலுக்குச் சில அடி தூரத்தில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் சுரப்பதைப் பெரியப்பா நம்பமாட்டாமல் இரண்டு தடவை வாயில் ஊற்றிப் பார்த்தார். பிறகு காயாமொழி மார்க்கமாகத் தேரிக்குப் புறப்பட்டோம்.

பனைகளுக்கு நடுவே சாலை செல்லுகிறது. திடீரென்று இரு பக்கமும் பூமி சிவந்துவிடுகிறது. மரங்கள் குறைகின்றன. குடை விரித்தாற்போல் தலை பரந்த உடைமரங்கள், ஆங்காங்கே பனை, அரசாங்கத்தார் மணலைக் கட்டுப்படுத்த நட்டு வைத்த முந்திரி; இவற்றுக்கு அப்பால் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின்மேல் ஏறினோம். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. உச்சியை அடைந்ததும் கச்சான் எங்களைப் பிடித்துத் தள்ளியது. கீழே மணலில், காற்று பாவு ஓட்டியிருந்தது. ஆம், வேறு எப்படிச் சொல்வது? இழை இழையாக, ஒன்றுக்கொன்று சம தூரத்தில், கண்ணுக்கு எட்டிய வரையில் வரிகள். நாங்கள் ஏறி வந்த காலடித் தடங்களைத் திரும்பிப் பார்த்தோம். பாதிக்கு மேல் மறைந்துவிட்டன.

பெரியப்பா ஒரு பிடி மணலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு உள்ளங்கையில் ஒட்டியது.

"இது சொந்த நிறமா, சாயமா?" என்று கேட்டார்.

நெசவாளர் கேட்க வேண்டிய கேள்விதான். பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும் விடையும் அவருக்கு ஏற்றதுதான். அது சாயம்! மணலின் பெரும் பகுதி வெண்மையான படிகக்கல் துகள். ஒவ்வொரு துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. திராவகத்தில் கழுவினால் சிவப்புப் போய் வெள்ளை மணி வெளிப்படும். மணலோடு கலந்திருக்கும் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நனைந்து உலர்ந்து சிதைந்தபோது வெளிப்பட்ட இரும்புதான் இந்தச் சாயம். நமீப் பாலைவனத்து மணலுக்குச் சிவப்பு தந்ததும் இதே இரும்புதான்.

மணல் எங்கிருந்து வந்தது? சுமார் 20,000 வருஷங்களுக்கு முன், பூமியின் நீரெல்லாம் வடக்கே பனிக்கட்டியாக உறைந்து கிடந்த காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் கரையோரப் பகுதி அன்று வெட்டவெளி. இலங்கைக்குக் காலால் நடந்தே போகலாம். அந்த வெட்டவெளியின் மணலையும், நம்பியாறு, கருமேனியாறு முதலிய சிற்றாறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலையும் காற்று வாரி எடுத்துக் குவித்தது. எதன் பங்கு அதிகம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் உண்டு. மணலின் துகள் கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டது எப்போது என்று கணிக்கும் ஒரு முறை இருக்கிறது. அம்முறையில் சோதித்தபோது, இக்குன்றுகளில் பல சுமார் 11,000 வருஷங்களுக்கும் 5,000 வருஷங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் குவிந்தவை என்று தெரிய வந்தது.

அப்போதே இங்கு மனிதர் இருந்தார்கள். தேரிகளில் கிடைக்கும் மிகச் சிறிய கற்கருவிகளை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். எங்கள் ஜில்லாவில் உள்ள அத்திரம்பாக்கத்தின் பழங்கற்காலக் கருவிகளை 1863-ல் உலகுக்குக் காட்டியவரும் அவரே. பிற்பாடு ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் தேரிக் கருவிகளை விரிவாக விவரித்தார்கள். விரல் நகம் அளவுள்ள கல்லை அம்பு முனையாக்கி வேட்டையாடியும், மீன் பிடித்தும் வாழ்ந்த நம் மூதாதையரின் பட்டறை இந்த மணல்.

இன்னொரு சம்பந்தமும் எனக்குத் தோன்றியது. தேரி நாட்டு இடையன்குடிக்கு 1841-ல் வந்து சேர்ந்த பாதிரியார் கால்டுவெல், தமிழும் தெலுங்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று 1856-ல் தம் ஒப்பிலக்கணத்தில் நிலைநாட்டினார். எங்கள் தெருவில் அன்றாடம் கலந்து ஒலிக்கும் இரண்டு பாஷைகளின் உறவை, இந்தச் செம்மணல் சீமையில் வாழ்ந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்!

பனையேறியின் வார்த்தை

தேரியின் ஓரத்தில் ஒரு விடிலி கண்ணில் பட்டது. விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பெரிய பாத்திரத்தில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மூதாட்டி காய்ந்த ஓலையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் கணவர், மார்பிலும் முழங்காலிலும் காய்ப்புக் காய்த்த மனிதர், அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"வாங்க அண்ணாச்சி, எந்த ஊரு?" என்று கேட்டார். திருத்தணிப் பக்கம் என்றதும், "முருகன் ஊர்லேருந்து முருகன் ஊருக்கு வந்திருக்கிய!" என்று மகிழ்ந்து, பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.

பெரியப்பாவுக்கும் அவருக்கும் உடனே சிநேகம் ஏற்பட்டுவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை தடவை ஏற வேண்டும், பாளையை எப்படிச் சீவுவது என்று இவர் கேட்க, ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி என்ன என்று அவர் கேட்டார். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் தவறினால் பாளை காய்ந்துவிடும். உடன்குடிக் கருப்புக்கட்டி என்று நாமெல்லாம் ஆசையோடு வாங்குவதன் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு என்ற அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது.

"உங்க பிள்ளைகள் ஏறுகிறார்களா?" என்று பெரியப்பா கேட்டார்.

"எனக்குப் பொறகு ஆளில்ல அண்ணாச்சி."

"என் தறிக்கும் ஆள் இல்லை" என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பேரன், மணலில் மரம் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டான்.

"தேரிய வெறும் மண்ணுன்னு நெனச்சிராதிய தம்பி. பெய்ற மழைய எல்லாம் குடிச்சு வயித்துக்குள்ள வச்சிருக்கு. அது கொடுக்கிற தண்ணிதான் அருஞ்சுனையில ஊறுது. எங்க ஊரு கெணத்துலயும் ஊறுது. தேரி போச்சுன்னா கடத்தண்ணி உள்ள வந்துரும்" என்றார் அவர்.

படிக்காத அந்த மனிதர் சொன்னது அட்சரம் பிசகாத சாஸ்திரம். மேலே தங்காத மழை எங்கே போகிறது? மணலின் அடியில் போய்ச் சேருகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் கடலோரத்து நிலத்தடியில் உப்பு நீரின்மேல் மிதந்து, அதை மேலே வரவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். மேட்டின் அடிவாரத்தில் அதுவே ஊற்றாகக் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் பொட்டல் செம்மணலுக்கு நடுவே சுனையும் சோலையும் இருப்பதைப் பார்த்தோம். பார்த்தபோது, நம் ஜனங்கள் ஏன் அந்த ஊற்றுக்கு ஒரு தெய்வத்தைக் காவல் வைத்தார்கள் என்பது விளங்கியது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவின்போது, பக்தர்கள் தேரி மண்ணைப் பிரசாதமாக எடுத்துச் செல்கிறார்கள். பிரசாதம் என்றால் ஒரு பிடி. லாரிக் கணக்கில் அல்ல.

தரிசு என்று யார் சொன்னது?

லாரிக் கணக்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் முதலிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. இல்மனைட்டிலிருந்து பெயிண்டுக்கு வெண்மை தரும் பொருளைத் தயாரிக்கலாம். சிவப்பு மணலைத் தோண்டி வெள்ளைப் பூச்சு செய்வது! சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்து அத்தகைய தொழிற்சாலை அமைக்க 2007-ல் ஒரு பெரும் யோசனை எழுந்தது. கிணறும் பனையும் போய்விடும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். யோசனை நிறுத்தி வைக்கப்பட்டது. கடற்கரை மணலில் கனிமம் எடுப்பதை 2013-ல் தமிழ்நாடு அரசாங்கம் தடை செய்தது.

தொழில் வளர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேசத்துக்கு இரும்பும் வேண்டும், டைட்டானியமும் வேண்டும். ஆனால் ஒரு நிலத்தைத் தரிசு என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால், அதன் அடியில் என்ன இருக்கிறது, அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? ஆகாயப் படத்தில் தேரி சிவப்பாகத் தெரிகிறது. அதன் வயிற்றில் உள்ள தண்ணீர் தெரிவதில்லை. அதைக் காண்பதற்கு விடிலியில் உட்கார்ந்து ஒரு பட்டைப் பதநீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

மாலையில் குலசேகரன்பட்டினம் போனோம். இந்த ஊரை நம் தேசம் மறக்கக் கூடாது. 1942-ல் ஆகஸ்ட் புரட்சியின்போது இங்கே உப்பளத்தில் நடந்த மோதலில் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் தூக்குமேடை ஏறவில்லை. விடுதலை பெற்று ஊர் திரும்பினார்கள்.

அதே ஊரில்தான் 2024 பிப்ரவரி 28-ந் தேதி, நாட்டின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் துருவத்தை நோக்கி ஏவும் ராக்கெட், இலங்கையின் மேல் செல்லாமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதனால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே நேராகக் கடல்தான். சிறு ராக்கெட்டுகளுக்கு இது பெரிய அனுகூலம்.

வானம் தெளிவாக உள்ள நாட்களில், அம்மையார்குப்பத்து மாடியிலிருந்தே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டின் வெண்புகையை வடகிழக்கில் பார்க்கலாம். பெரியப்பா பல தடவை பார்த்திருக்கிறார். "அது மேலே போய் என்ன பார்க்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இனிமேல் இங்கிருந்தே மேலே போய் இந்தத் தேரியையும் பார்க்கும் என்கிறாயே! அப்போது இது சிவப்பாகவே இருக்க வேண்டும்" என்றார் பேரனிடம்.

ஊர் திரும்பிய பின் ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணியின் 365 படிகளையும் பெரியப்பா மெதுவாக ஏறினார். உச்சியில் நின்று தென்திசையை நோக்கிக் கும்பிட்டார். இறங்கி வந்ததும் பேரன் தறி அறைக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்து, "தாத்தா, இந்த மிதியை எப்படி மிதிக்க வேண்டும்?" என்று கேட்டான். பெரியப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்று தறியில் ஏறியிருந்த பாவு, தேரிச் சிவப்பு.